சட்டகமா, சீட்டுகளா, கேள்விகளா? தகவல் தாளின் ஒழுங்கைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழிகள்

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 3 முதல் 5 வரை, சுற்றாடல் பாடத்திலும் தமிழ்ப் பாடத்திலும் தகவல் தாள் எழுதும் வேலை அடிக்கடி வரும். நண்டு, யானை, மட்டக்களப்பு வாவி, அதன் மேலுள்ள கல்லடிப் பாலம், தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் என்று ஏதோ ஒன்று பொருளாக இருக்கும். மேலே தலைப்பு, அதன் கீழ் சிறிய அறிமுகம், பிறகு நாலைந்து உபதலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் மூன்று நான்கு வசனங்கள், பாகங்களுக்குப் பெயரிட்ட ஒரு படம், ஓரத்தில் எண்களும் ஆண்டுகளும் கொண்ட ஒரு பெட்டி. பெரியவர்களுக்கு இது கண்டவுடன் விளங்கும். பிள்ளைகளுக்கு அவ்வளவு லேசில் விளங்காது. அவர்கள் அதுவரை வாசித்ததும் எழுதியதும் பெரும்பாலும் கதையும் கட்டுரையும். அவை முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடியும். தகவல் தாளில் நடுவில் நுழையலாம், வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். அப்படி நுழைய முடிகிறதென்றால் ஒவ்வொரு வசனமும் தனக்குரிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எனவே ஒரு வழி நல்லதா இல்லையா என்று பார்க்க ஒரே கேள்வி போதும். "இந்த வசனம் ஏன் இந்த உபதலைப்பின் கீழ் வருகிறது?" என்று கேட்டால் பிள்ளையால் பதில் சொல்ல முடிகிறதா?

இந்தக் கேள்வியிலேயே தோற்றுப்போகும் ஒரு வழக்கத்தை முதலில் தள்ளிவைத்துவிடலாம். "யானையைப் பற்றித் தகவல் சேகரித்து வாருங்கள்" என்று வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் கொமினிகேஷன் கடையில் அச்செடுத்த வண்ணத்தாள் வந்துசேரும். உபதலைப்புகளை இட்டது ஏதோ ஓர் இணையப்பக்கம், அச்செடுத்தது கடைக்காரர், வெட்டி ஒட்டியது அம்மா. பிள்ளை செய்த வேலை புத்தகப்பையில் வைத்துக் கொண்டுவந்தது. மீதமுள்ள மூன்று வழிகளைத்தான் எடை போட வேண்டியிருக்கிறது.

சட்டகம் கொடுத்து நிரப்பச் செய்தல்

ஒரு ஏ4 தாளில் உபதலைப்புகளை அச்சிட்டு, கீழே கோடுகள் விட்டு, படத்துக்கு ஒரு பெட்டி போட்டுப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுப்பது. ஆயத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும், ஒரு பாடவேளையில் முடிந்துவிடும், திருத்துவதும் சுலபம். எழுத்தில் பின்தங்கிய பிள்ளையும் வெறுந்தாளோடு உட்கார்ந்திருக்காது. ஆளில்லாத நாளில் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியருக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

குறை எங்கே என்றால், வசனத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் வேலையை ஆசிரியர் ஏற்கனவே முடித்துவிட்டார். பிள்ளைக்கு மிஞ்சுவது இடைவெளி நிரப்பல். "உணவு" என்ற இடத்தில் "புல்" என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடும். நான்கு கோடு விட்டால் நான்கு கோட்டுக்கே எழுத்து, ஐந்தாவது தகவல் தெரிந்திருந்தாலும் எழுதாது. இதைவிடப் பெரிய சிக்கல் பொருள் மாறும்போது வரும். விலங்குக்குத் தந்த சட்டகத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளை பாலத்தைப் பற்றி எழுதும்போது "ரீச்சர், பாலத்துக்கு உணவு என்ன எழுதுற?" என்று கேட்கும். சிரிக்கலாம். ஆனால் உபதலைப்புகள் பொருளிலிருந்து பிறக்கின்றன என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் காட்டவில்லை.

சட்டகத்தைத்தான் தெரிவு செய்கிறீர்கள் என்றால் அதைச் சற்றுக் குலைத்துக் கொடுங்கள். முதல் உபதலைப்பின் கீழ் இரண்டு வசனங்களை மாதிரிக்கு நீங்களே எழுதிவிடுங்கள். அதைப் பார்த்தே பிள்ளை ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் வசனம் எழுதும். இரண்டாவதில் உபதலைப்பு மட்டும் இருக்கட்டும். மூன்றாவதில் வசனங்களைக் கொடுத்து உபதலைப்பின் இடத்தை வெறுமையாக விடுங்கள். நான்காவதில் இரண்டையும் விட்டுவிடுங்கள். அதே ஒற்றைத் தாள்தான், ஆனால் கீழே இறங்க இறங்கப் பிள்ளையின் பங்கு கூடுகிறது. விலங்கு, இடம், ஆள் ஆகிய மூன்றுக்கும் வெவ்வேறு சட்டகம் வேண்டும். பாலத்துக்கு "எங்கே இருக்கிறது", "எதனால் கட்டப்பட்டது", "யாருக்குப் பயன்படுகிறது" என்று போகும். ஒரே அச்சை எல்லாவற்றுக்கும் பாவிப்பதுதான் மேலே சொன்ன குழப்பத்துக்கு மூல காரணம்.

வெட்டிய சீட்டுகளைப் பிரித்து அடுக்குதல்

நன்றாக எழுதப்பட்ட ஒரு தகவல் தாளை வசனம் வசனமாக வெட்டி, கலைத்துக் கொடுத்து, திரும்பவும் கட்டச் சொல்வது இரண்டாவது வழி. எழுதும் பாரம் இல்லாததால் பிள்ளையின் கவனம் முழுவதும் ஒழுங்கின் மீதே நிற்கும். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும்.

பொருள் பிள்ளைகள் கண்ணால் கண்டதாக இருக்கட்டும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் நண்டு நல்ல தெரிவு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலைகளில் யானையை எடுக்க ஆசை வரும். ஆனால் யானையால் வயலையோ வீட்டையோ ஆளையோ இழந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும், விசாரித்துக்கொண்டு எடுங்கள். நண்டுக்கு ஒரு கட்டில் 16 சீட்டுகள் போதும். அவற்றில் 12 சிக்கலில்லாதவை, நான்கு பகுதிகளுக்கு மும்மூன்று:

தோற்றம்: கொடுக்குகளையும் சேர்த்து நண்டுக்குப் பத்துக் கால்கள். கண்கள் சிறு காம்புகளின் நுனியில் இருக்கும். உடலைக் கடினமான ஓடு மூடியிருக்கும்.

வாழிடம்: நண்டு கண்டல் மரங்களின் அடியில் சேற்றில் வளை தோண்டும். வாவியின் உவர்நீரில் வாழும். பகலில் பெரும்பாலும் வளைக்குள் இருக்கும்.

உணவு: நண்டு மட்டியையும் சிப்பியையும் தின்னும். சிறு மீன்களைப் பிடிக்கும். செத்த மீனையும் விடாது.

வளர்ச்சி: நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிடும். புதிய ஓடு முதலில் மென்மையாக இருக்கும். பெண் நண்டு முட்டைகளை வயிற்று மடிப்பின் கீழ் சுமக்கும்.

மீதி நான்கில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. இரண்டு சீட்டுகள் இரண்டு இடங்களுக்குப் பொருந்துபவை: "கொடுக்கால் மட்டியின் ஓட்டை நொறுக்கும்" என்பது தோற்றமா, உணவா? "கடைசிச் சோடிக் கால்கள் துடுப்புப் போலத் தட்டையாக இருப்பதால் நீந்தும்" என்பது தோற்றமா, வாழிடமா? இதற்கு ஒற்றைச் சரிவிடை கிடையாது. குழு தன் முடிவுக்குக் காரணம் சொன்னால் அது சரி. இன்னும் இரண்டு சீட்டுகள் எங்கும் பொருந்தாதவை: "நண்டுக் கறி மிகவும் ருசியானது", "நேற்று மாமா பெரிய நண்டு ஒன்று பிடித்தார்". முன்னது கருத்து, பின்னது நடந்த சம்பவம். இரண்டும் தகவல் தாளுக்கு வெளியே நிற்க வேண்டியவை. நண்டு உண்ணாத வீடுகள் உள்ள வகுப்பில் கறிச் சீட்டுக்குப் பதிலாக "நண்டு பார்க்க அழகானது" என்று மாற்றிக்கொள்ளலாம், வேலை அதேதான்.

ஒரு ஏ4 தாளை நெடுக்காக இரண்டு நிரல், குறுக்காக எட்டு வரிசை என்று பிரித்தால் 16 சீட்டும் ஒரே தாளில் அடங்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.5 சென்ரிமீற்றர் நீளம், 3.7 சென்ரிமீற்றர் உயரம், 18 புள்ளி எழுத்து தாராளமாகக் கொள்ளும். நான்கு பேருக்கு ஒரு கட்டு. 32 பிள்ளைகள் என்றால் எட்டுக் கட்டு, எட்டுப் போட்டோக் கொப்பி. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் அதன் கட்டுக்குரிய எழுத்தை அ, ஆ, இ என்று போட்டுவிடுங்கள். போடாவிட்டால் பாடம் முடிந்ததும் 128 சீட்டும் ஒன்றாகக் கலந்துவிடும், அடுத்த வருடம் தொடக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரைச்சுவர் வகுப்பறையில் மெல்லிய தாள் மேசையில் நிற்காது. தடித்த பிறிஸ்டல் போட்டில் ஒட்டி வெட்டினால் நிற்கும். அதற்கு வழியில்லாவிட்டால் ஒவ்வொரு மேசைக்கும் நாலைந்து கூழாங்கற்கள் கொடுங்கள்.

நடத்தும் முறையில் ஒரு கட்டாயம் உண்டு. உபதலைப்புச் சீட்டுகளை முதலில் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் இதுவும் நிரப்பும் வேலையாகிவிடும். "ஒன்றாக இருக்க வேண்டியவற்றை ஒன்றாக வையுங்கள்" என்று மட்டும் சொல்லி, பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். பிள்ளைகளிடம் இரண்டு பிழைகள் தவறாமல் வரும். ஒன்று, சொல்லைப் பார்த்துச் சேர்ப்பது: "ஓடு" என்று வரும் சீட்டுகள் எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும், மட்டியின் ஓடும் நண்டின் ஓடும் உட்பட. மற்றது, எல்லாவற்றையும் ஒரே நீண்ட வரிசையாக அடுக்கிக் கதையாக்குவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. சீட்டைக் கையில் எடுத்து, "இது எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று கேளுங்கள். "நண்டு எங்கே இருக்கும்?", "என்ன தின்னும்?" என்று பிள்ளையின் வாயிலிருந்து கேள்வி வந்துவிட்டால் குவியல் தானாகப் பிரியும். அந்தக் கேள்வியைச் சுருக்கினால் உபதலைப்பு. "எங்கே இருக்கும்?" என்பது "வாழிடம்" ஆகிறது. இதைக் கரும்பலகையில் ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

அடுக்கி முடிந்ததும் குழுக்கள் இடம் மாறி மற்ற மேசைகளைப் பார்க்கட்டும். துடுப்புக் கால் சீட்டு ஒரு மேசையில் தோற்றத்திலும் இன்னொன்றில் வாழிடத்திலும் இருப்பதைக் கண்டதும் வாக்குவாதம் கிளம்பும். அதை அடக்காதீர்கள், அதற்காகத்தான் அந்தச் சீட்டே.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. வாசிப்பு நன்றாக வராத பிள்ளை இங்கே வாயடைத்துப்போகும். ஒவ்வொரு குழுவிலும் சரளமாக வாசிக்கும் ஒருவர் இருக்க வேண்டும், வசனம் எட்டுச் சொல்லுக்கு மிஞ்சாமல் இருந்தால் நல்லது. இன்னொன்று, அடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுதத் தெரியும் என்று எண்ணிவிடக்கூடாது. அடுத்த பாடவேளையிலேயே வேறொரு பொருளில் ஒரு பகுதியையாவது எழுதவைக்காவிட்டால், அடுக்கியது விளையாட்டோடு போய்விடும்.

பிள்ளைகளின் கேள்விகளிலிருந்து கட்டுதல்

மூன்றாவது வழி தலைகீழானது. தகவலுக்கு முன் கேள்வி. மட்டக்களப்பு வாவியைப் பொருளாக எடுத்து, ஒரு சீட்டுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு இரண்டு என்று எழுதச் சொன்னால் வகுப்பில் அறுபது வரை சேரும். திரும்ப வருபவற்றைக் கழித்தால் இருபதோ இருபத்தைந்தோ மிஞ்சும். அவற்றைப் பிள்ளைகளே கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பெயரிடுவார்கள். அந்தப் பெயர்களே உபதலைப்புகள். யாரும் கொடுக்காத உபதலைப்பைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது.

ஆனால் செலவு அதிகம். நான்கைந்து பாடவேளை வேண்டும். "வாவியில் எத்தனை மீன் இருக்கு?" போன்ற, யாரும் பதில் சொல்ல முடியாத கேள்விகளைப் பிள்ளையின் மனம் நோகாமல் ஒதுக்க வேண்டும். பதில் தேடும் இடம் எது என்பதுதான் பெரிய தலைவலி. பத்து வயதுப் பிள்ளை தானே வாசித்து விளங்கக்கூடிய தமிழ்ப் பக்கங்கள் குறைவு. "இணையத்தில் பாருங்கள்" என்றால் கொமினிகேஷன் கடைக்கே திரும்பிவிடுவோம். ஆகவே ஆசிரியர் அரைப் பக்க அளவில் மூன்று வாசிப்புத் துண்டுகளைத் தானே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று உபதலைப்புகளுக்குரிய விடயங்கள் கலந்திருக்கட்டும். ஒரு துண்டு ஓர் உபதலைப்பு என்று எழுதிவிட்டால் பிள்ளை அப்படியே பார்த்து எழுதும். உதாரணத்துக்கு, வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் என்பதும், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு சேரும் முகத்துவாரங்கள் இருப்பதும், 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டதும், வாவியில் இறாலும் நண்டும் பிடிபடுவதும் ஒரே துண்டில் இருக்கலாம். பிரிப்பது பிள்ளையின் வேலை. மீன்பிடிக்கும் ஒரு தாத்தாவையோ மாமாவையோ வகுப்புக்கு அழைத்து அரை மணி நேரம் கேள்வி கேட்கவைத்தால் அது எந்த வாசிப்புத் துண்டையும் விடச் சிறந்தது.

வாவியைப் பொருளாக எடுத்தால் மீன் பாடுவது வந்தே தீரும். கல்லடிப் பாலத்தடியில் நிலா இரவில் ஒலி கேட்கும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. மீனா, சிப்பியா, வேறெதுவுமா என்ற விவாதம் தீர்ந்தபாடில்லை. இதை விலக்கத் தேவையில்லை, "உயிரினங்கள்" என்பதன் கீழ் போடவும் கூடாது. "மக்கள் சொல்வது" என்று ஒரு தனி உபதலைப்புத் திறந்துவிட்டால், அளந்த தகவலுக்கும் வழிவழியாகக் கேட்ட செய்திக்கும் வேறு வேறு இடம் உண்டு என்பதைப் பிள்ளை விளக்கமில்லாமலே பிடித்துக்கொள்ளும். சட்டகத்திலோ சீட்டிலோ இந்த வாய்ப்பு இவ்வளவு இயல்பாக வராது.

எந்த வகுப்புக்கு எது

தரம் 3இல் சீட்டுகள்தான். 16ஐ 10ஆகக் குறைத்து, உபதலைப்புகளையும் மூன்றாக்கிவிடுங்கள். இரட்டை இடச் சீட்டு ஒன்று போதும். எழுதுவது குலைத்த சட்டகத்தில் ஒரே ஒரு பகுதி.

தரம் 4தான் கேள்வி வழிக்கு உகந்த இடம். முதல் தவணையில் சீட்டுகள், பிறகு கேள்விகள் என்று போகலாம். சீட்டு வேலை செய்யாத வகுப்பில் நேரடியாகக் கேள்வியில் இறங்கினால் கூட்டம் பிரிக்கும் கட்டத்தில் எல்லாம் சிக்கிக்கொள்ளும், ஆசிரியரே உபதலைப்பைச் சொல்லிக் கரையேற்ற வேண்டிவரும்.

தரம் 5 கெட்டிக்காரர்களின் வகுப்பு, ஆகையால் கேள்வி வழி அங்கேதான் பொருந்தும் என்று தோன்றும். நடைமுறையில் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை ஐந்து பாடவேளையை எந்தப் பெற்றோரும் விட்டுத்தர மாட்டார்கள். பரீட்சைக்குப் பிந்திய வாரங்களுக்கு ஒதுக்கிவைப்பது நிம்மதி. அதுவரை, வாசிப்புப் பகுதி ஒன்றைக் கொடுத்து உபதலைப்பிடச் சொல்லும் சிறு பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பொருளையும் கவனித்துத் தெரிய வேண்டும். விலங்கு மிகச் சுலபம், இடம் அதற்கு அடுத்தது, ஆள் மிகக் கடினம். விபுலாநந்த அடிகளை எடுத்தால் 1892இல் காரைதீவில் பிறந்தார், 1947இல் மறைந்தார் என்று காலம் ஓடத் தொடங்கிவிடும், பிள்ளையும் அதன் பின்னால் ஓடிக் கட்டுரை எழுதிவிடும். பிறப்பு, மறைவு, ஊர், இயற்பெயர் ஆகியவற்றை ஓரப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு, உள்ளே "கல்விப் பணி", "தமிழ்ப் பணி" என்று செய்தவற்றின்படி பிரித்தால் காலம் குறுக்கே வராது. அவர் எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது என்பது தமிழ்ப் பணியின் கீழ் போகும். மட்டக்களப்புக் கோட்டையும் இப்படித்தான்: 1628இல் போர்த்துக்கீசர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது ஆகிய இரண்டும் "வரலாறு" என்ற ஒரு பகுதிக்குள் அடங்கிவிட வேண்டும், முழுத் தாளையும் பிடித்துக்கொள்ள விடக்கூடாது.

எதில் எழுதுவது

டிமைத் தாளில் சுவரொட்டி, மடித்த சிறு புத்தகம், கொப்பியில் இரட்டைப் பக்கம் என்று மூன்று தெரிவு உண்டு. சிறு புத்தகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் பக்கம் புரட்டப் புரட்ட மற்றப் பகுதிகள் மறைந்துவிடுவதால், பழகும் காலத்தில் ஒழுங்கைக் காட்ட அது உதவாது. டிமைத் தாளை நான்கு பேருக்குக் கொடுத்தால் ஒருவர் படம் கீற, ஒருவர் பிளாட்டிக்னம் பேனையால் தலைப்புக்கு நிறம் தீட்ட, இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு பாதியில் ஒரு பகுதியை எழுதவைத்து, நான்கையும் டிமைத் தாளில் இரண்டுக்கு இரண்டாக ஒட்டினால் எல்லாருக்கும் வேலை. டிமைத் தாள் ஏறத்தாழ 44க்கு 57 சென்ரிமீற்றர். நான்கு பாதிகளும் சேர்ந்து 30க்கு 42. அடியில் சிறிது விட்டு ஒட்டினால் மேலே தலைப்புக்கும் இரண்டு வரி அறிமுகத்துக்கும் பத்து சென்ரிமீற்றர் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் நான்கையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம் பூசியபின் மாற்ற முடியாது.

எழுத்தில் தட்டுப்படும் இடங்கள்

பிள்ளைகள் கதைக்குரிய இறந்தகாலத்திலேயே எழுதுவார்கள்: "நண்டு வளை தோண்டியது." அது ஒரு நண்டு ஒரு நாள் செய்த வேலையாகிவிடுகிறது. "தோண்டும்", "தின்னும்", "வாழும்" என்று எழுதினால்தான் எல்லா நண்டுக்கும் எப்போதும் பொருந்தும். சீட்டுகளை இந்த வடிவத்திலேயே எழுதிக் கொடுத்தால் இலக்கணம் சொல்லாமலே காதில் ஏறிவிடும்.

அடுத்தது எழுவாய். தமிழில் எழுவாயை விட்டாலும் வசனம் நிற்பதால், மூன்றாம் பகுதிக்கு வரும்போது பிள்ளை நண்டு என்ற சொல்லையே மறந்துவிடும். "மட்டியைத் தின்னும்" என்று தொடங்கும் பகுதியை மட்டும் வாசிப்பவருக்கு எது தின்னும் என்று தெரியாது. ஒவ்வொரு பகுதியின் முதல் வசனத்திலும் பொருளின் பெயர் வர வேண்டும், பிறகு விட்டுவிடலாம்.

எண்ணை எழுதினால் அலகையும் எழுத வேண்டும். எண் பெரிதாக இருந்தால் பிள்ளைக்குப் பழகிய ஓர் அளவையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாவியின் நீளமான 56 கிலோமீற்றர் என்பது மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு உள்ள தூரத்தை விடக் கூட.

திருத்தும்போது எழுத்துப்பிழையில் தொடங்கினால் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். முதல் பார்வையில் சிவப்புப் பேனையைத் தொடாமல், ஒரு குழு எழுதிய நான்கு பகுதிகளில் ஏதாவது ஒன்றை மட்டும் இன்னொரு குழுவின் பிள்ளையிடம் கொடுத்து, உபதலைப்பை விரலால் மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். மறைத்திருக்கும் உபதலைப்பு என்னவென்று அந்தப் பிள்ளை சரியாக ஊகித்தால் அந்தப் பகுதி தேறிவிட்டது. ஊகிக்க முடியாவிட்டால் தடுமாறவைத்த வசனம் எது என்று அதே பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். அதை வேறு பகுதிக்கு மாற்றுவதா, தாளிலிருந்தே எடுத்துவிடுவதா என்பதை எழுதிய குழு தீர்மானிக்கட்டும். எழுத்துப்பிழை அதற்குப் பிறகு.